மறு: ‘நியாயமற்ற நடத்தை’க்கு மாற்றுச் சொல்

மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம்.

லண்டனில் ஒரு தமிழருக்காக, வேலை வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் கடிதம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். தன்னை வேலையிலிருந்து நீக்கிய நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டவர், விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் திரும்பப் பெற்றுவிட்டார். எதிர்த்தரப்பு இப்போது செலவுத்தொகை கேட்டு மனுப் போட்டிருக்கிறது. செலவு விதிக்கத் தொல்லை தரும் நோக்கம், அத்துமீறல், இடையூறு என்று விதியில் மூன்று காரணங்கள். இவற்றுக்குள் அடங்காதவற்றுக்கு நான்காவதாக ஒன்று. அதற்கு ‘நியாயமற்ற நடத்தை’ என்று எழுதினேன். அதே பக்கத்தில் ‘நியாயமற்ற பணிநீக்கம்’ நிற்கிறது! ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். வாசித்துக் காட்டியதும் அவர் கேட்டார்: “நியாயமில்லாம தூக்கினது அவங்க, நியாயமில்லாம நடந்தது நானா?”

‘தகாத நடத்தை’ சரிவருமா?

*

தம்பி,

வேண்டாம். ‘தகாத நடத்தை’ என்றால் நாளிதழ் படிப்பவர் மனம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். ‘முறைகேடு’ என்றால் பணத்தைக் கையாடியதாக ஆகிவிடும்.

எனக்கு ‘நடத்தை’யே இடிக்கிறது, பள்ளிக்கூட நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி ஆளின் குணத்தைச் சொல்கிறது. விதி பார்ப்பது வழக்கைத் தொடுத்த விதத்தையும் நடத்திய விதத்தையும்தான். 2004-இல் பிஎன்பி பாரிபா வங்கி வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: வாபஸ் வாங்கியதே குற்றமல்ல, அதுவரை வழக்கை எப்படி நடத்தினார் என்று பார். 2011-இல் பார்ன்ஸ்லி நகராட்சி வழக்கில் நீதிபதி மம்மரி, முழுப் படத்தையும் பார்த்து, எது தவறு, அதனால் என்ன விளைந்தது என்று கேட்கச் சொன்னார். ஆகவே ‘வழக்காடல்’ என்று தொடங்குவோம். ‘அடாத வழக்காடல்’ எப்படி?

அப்புறம், செலவுத்தொகையை யாரும் ‘அபராதம்’ ஆக்கிவிடாதீர்கள். அது தண்டனை அல்ல, எதிர்த்தரப்பின் செலவுக்கு ஈடு. நம் உரிமையியல் நீதிமன்றங்களில் தோற்றவர் செலவு கொடுப்பது பொதுவிதி. அந்தத் தீர்ப்பாயத்தில் அது விதிவிலக்கு. கட்டும் வசதி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். செலவுக் கணக்கை விரிவாக ஆராயாமல் 20,000 பவுண்டுக்கு மேல் விதிக்க முடியாது. வக்கீல் வைக்காமல் வாதாடுபவருக்குத் தயாரிப்பு நேரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். 2025 ஏப்ரலில் மணிக்கு 45 பவுண்டு. அதற்கு ‘ஆயத்த நேரத் தொகை’ போதும்.

*

ஐயா, ‘அடாத’ பழஞ்சொல் ஆயிற்றே, புரியுமா?

*

“அடாது மழை பெய்தாலும் விடாது நாடகம் நடைபெறும்” என்ற நோட்டீஸ் யாருக்குப் புரியாமல் போனது?

*

ஐயா, நேற்று அவரிடம் ‘அடாத வழக்காடல்’ என்று வாசித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அடாவடி பண்ணினேன்றாங்களா?” என்றார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன். “அப்போ நான் பண்ணலேன்னு எழுதலாம்” என்று பதில் மனுவை எடுத்துவரச் சொன்னார். வரைவில் ‘அடாத வழக்காடல்’ என்றே போட்டுவிட்டேன்.