ரேம் கூட்டிய பிறகு கணினி இன்னும் மந்தமாகிவிட்டதா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கும்பகோணத்தில் டிடிபி சென்டர் நடத்துகிறேன். ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் கல்யாணப் பத்திரிகை வேலை கழுத்தைப் பிடிக்கும். போன வருஷம் சரியாக அந்த நேரத்தில் எனக்கு நடந்தது இது.

கடையில் இருப்பது இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ3 பிராசசர். ரேம் 4 ஜிபிதான். ஃபோட்டோஷாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பிரௌசருக்குப் போனால் திணறும். இன்னொரு 4 ஜிபி வாங்கி நானே மாட்டினேன். ஸ்லாட்டில் லேசில் உட்காரவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் பலமாக அழுத்தினேன்; மதர்போர்டு கொஞ்சம் வளைந்து நிமிர்ந்தது. டக்கென்று சத்தம் கேட்டதும் விட்டுவிட்டேன்.

ஆன் செய்தால் 8 ஜிபி என்று சரியாகக் காட்டியது. ஆனால் பத்து நிமிஷத்துக்குள் எல்லாம் படுத்துவிட்டது. எழுத்தைத் தட்டினால் திரையில் வர நேரமாகிறது. பழைய வேகமாவது இருந்ததே என்று அழுகையே வந்தது. ரேம் வாங்கிய கடையில் கேட்டேன். விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள் என்றார்கள். தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர் டிரைவர் எல்லாவற்றையும் திரும்பப் போட்டு முடிக்க ஒரு பகல் முழுக்கப் போனது. மந்தம் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். புது ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதோடு மட்டும் ஓட்டினேன். அப்போதும் மந்தம்தான். அப்படியென்றால் கோளாறு ரேமில் இல்லை. மாட்டும்போது நான் வேறு எதையோ கெடுத்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்தேன். மெமரி பாதிகூட நிரம்பவில்லை, டிஸ்க்கும் சும்மா இருக்கிறது. சிபியு என்ற இடத்தில் ஸ்பீட் 0.78 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. அந்தச் சிப்பின் வேகம் 3.9. ஐந்தில் ஒரு பங்குதான் ஓடுகிறது! ஃபேன் மட்டும் விடாமல் இரைந்துகொண்டிருந்தது.

மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. பிராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகக் கட்டிதான் ஹீட் சிங்க். இன்டெல் பெட்டியோடு வரும் அதை நான்கு பிளாஸ்டிக் பின்கள்தான் போர்டோடு பிடித்துவைத்திருக்கும். ரேம் ஸ்லாட் பக்கத்துப் பின் மேலே கிளம்பியிருந்தது. போர்டு வளைந்தபோது பிடி விட்டிருக்கிறது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டதால் சூடு ஹீட் சிங்க்குக்கு ஏறவில்லை. சூடு 100 டிகிரியை நெருங்கினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். பின்களை வரிசையாக அழுத்தாமல் எதிரெதிர் மூலையில் இருப்பதை இரண்டிரண்டாக அழுத்தினேன். ரேமை மாட்டும்போது போர்டுக்கு அடியில் விரல் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரியே மூன்று பத்திரிகைகளை அச்சுக்கு அனுப்பினேன். வேகம் 3.9க்கு வந்துவிட்டது.

ரேம் போட்டபின் இப்படி அவஸ்தைப்பட்டவர்கள் என்ன நடந்தது என்று எழுதுங்கள். சரிசெய்ய முடியாமல் போனதையும் எழுதுங்கள், படிக்கிறவர்களுக்கு உதவும்.

* * *

தங்கச்சி, நான் கோயம்புத்தூர்ல சர்வீஸ் வேலை பார்க்கறவன். உங்க கதையில கோளாறு கைபட்டதால வந்தது. கை ஒண்ணும் படாம, ரேம் நல்லதா இருந்து, போர்டு நல்லதா இருந்து, ரேம் கூடினதே காரணமா மந்தமான ஒரு காலம் இருந்தது.

1998. பெண்டியம் எம்எம்எக்ஸ் 200. போர்டுல பிராசசரையும் ரேமையும் இணைக்கற சிப்செட் இன்டெல் 430 டிஎக்ஸ். ஒரு பஞ்சு மில் அலுவலகத்துல சம்பளக் கணக்குப் போடற மெஷின் அது. 32 எம்பி இருந்தது. 64 எம்பி கூடப் போட்டு 96 ஆக்கிக் குடுத்தேன். அந்தக் காலத்து விலைக்கு அது பெரிய செலவு. மறுநாளே ஆள் அனுப்பிட்டாங்க, முன்னைவிட மெதுவா ஓடுதுன்னு. ரேமை மாத்திப் பார்த்தேன், ஸ்லாட்டை மாத்திப் பார்த்தேன். மூணு நாள் தூக்கமில்லை.

விஷயம் தெரிஞ்ச ஒரு பெரியவர்தான் புரியவெச்சார். அடிக்கடி தேவைப்படறதை வெச்சுக்கற சின்ன, வேகமான நினைவகம்தான் கேஷ். அந்தப் பெண்டியத்துக்கு எல்2 கேஷ் பிராசசர்ல இல்லை, போர்டுல இருக்கும். அந்தச் சிப்செட் முதல் 64 எம்பியைத்தான் கேஷ் பண்ணும். அதுக்கு மேல இருக்கற ரேமுக்கு அந்தக் கேஷோட உதவி கிடைக்காது. விண்டோஸ் 95 நினைவகத்தை மேல்பக்கத்துல இருந்து எடுக்க ஆரம்பிக்கும். அப்ப அது முதல்ல போய் உட்கார்ற இடமே கேஷ் இல்லாத இடம். 32 எம்பி இருந்தப்ப முழுசும் கேஷுக்குள்ள இருந்தது, 96 ஆனதும் வெளியே போயிடுச்சு. ரெண்டு 32ஆ மாத்தி 64ல நிறுத்தினேன். மெஷின் பறந்தது. மிச்சக் காசைத் திருப்பிக் குடுத்தப்ப அந்த முதலாளி ஒரு வார்த்தை கேக்கலை. அதுக்கப்புறம் பல வருஷம் எனக்குத்தான் வேலை குடுத்தார்.

இன்னிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனா ரேம் வாங்கறதுக்கு முன்னாடி போர்டோட மேனுவலைப் படிக்கற பழக்கம் அன்னிக்கு வந்தது.

* * *

அக்கா, வணக்கம். மதுரையில் குறும்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறேன். என் பிராசசர் ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. இரண்டு 4 ஜிபி ரேம் இருந்தன. டைம்லைன் பெரிதானதும் போதவில்லை. இரண்டையும் விற்றுவிட்டு ஒரே 16 ஜிபி வாங்கி மாட்டினேன். நினைவகம் இரு மடங்காச்சு, வீடியோ ஓட்டிப்பார்த்தால் விட்டுவிட்டு ஓடுது. முன்னாடி அப்படி ஓடினதே இல்லை.

இரண்டு தப்பு சேர்ந்துவிட்டது. ஒன்று, இரண்டு குச்சி இருந்தால் இரண்டு வழியாகத் தரவு போகும், அதுதான் டூயல் சேனல். ஒன்றை மட்டும் போட்டால் ஒரு வழி அடைபட்ட மாதிரி. உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் சிப்புக்குத் தனி நினைவகம் கிடையாது, அதுவும் இதே ரேமைத்தான் நம்பி இருக்கிறது. இரண்டாவது, ரேமை மாற்றியதும் பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) பழைய அமைப்பை மறந்துவிட்டது. ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்து, 3000 வேகத்தில் ஓட வேண்டியது 2133ல் ஓடிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: முன்னாடி நொடிக்கு 48 ஜிபி வரை போகக்கூடிய இடத்தில் இப்போ 17தான்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஸ்பீட், ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற இரண்டும் இருக்கும். அதைப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கடன் வாங்கி இன்னொரு 16 போட்டேன், எக்ஸ்எம்பியை ஆன் செய்தேன், சரியாச்சு. நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது, நான்காவதில் போடச் சொல்வார்கள். அண்ணன் சொன்ன மாதிரி மேனுவலில் இருக்கும்.

* * *

புதுச்சேரியிலிருந்து, சுருக்கமாக. 2008ல் லினக்ஸ் கணினியில் 2 ஜிபியை 4 ஆக்கினேன். பூட் ஆவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம், அவ்வளவு நேரம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு 3 ஜிபி மட்டும் பயன்படுத்து என்று கட்டளை கொடுத்தால் வேகம் திரும்பிவந்தது. எந்தப் பகுதி ரேமைக் கேஷ் செய்யலாம் என்று பிராசசருக்குச் சொல்லும் எம்டிஆர்ஆர் பதிவேடுகளைப் பயாஸ் தப்பாக நிரப்பியிருந்ததால் மேல்பகுதி ரேம் கேஷ் இல்லாமல் கிடந்தது. கோயம்புத்தூர் அண்ணன் சொன்ன அதே வியாதி, பத்து வருஷம் கழித்து வேறு உடையில். பயாஸை அப்டேட் செய்ததும் தீர்ந்தது.

* * *

எல்லாருக்கும் நன்றி. மதுரைத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டு மெமரி பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஸ்லாட்ஸ் யூஸ்டு 2 ஆஃப் 2, ஸ்பீட் 2400. இது சரி. அக்கா வீட்டில் ஒரு லேப்டாப்பில் போன மாதம் ரேமை 12 ஜிபி ஆக்கினார்கள், இன்னும் ஆமை மாதிரிதான். போனில் அவளைப் பார்க்கச் சொன்னேன்: மெமரி 30 சதவீதம், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நிற்கிறதாம். உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க். சில நேரம் கிளிக் கிளிக்கென்று சத்தமும் வருகிறதாம். முதலில் பிள்ளைகள் படங்களை வேறு இடத்துக்கு நகலெடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போய் அதை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி மாட்டப் போகிறேன். எப்படிப் போனது என்று வந்து எழுதுகிறேன்.