புதுப்பிப்பு: டம்மியைக் கவ்விக்கொண்டு ஓடிய லாப்ரடார் குட்டி இப்போது கையில் தருகிறது

என் 7 மாத லாப்ரடார் குட்டி, வீசிய டம்மியை (எடுத்து வரப் பழக்குவதற்காக வீசும் பயிற்சிப் பொருள்) எடுத்ததும் திரும்பி வராமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, "துரத்தாதே, நீ எதிர்ப்பக்கம் ஓடு" என்ற யோசனைதான். முதலில் இருபுறமும் சுவர் உள்ள நடைபாதையில், கதவுகளை எல்லாம் மூடிவிட்டுப் பழக்கினேன். குட்டி வேறெங்கும் போக முடியாது, என்னிடம்தான் வந்தாக வேண்டும். வந்ததும் டம்மியைப் பிடுங்காமல் கழுத்தையும் மார்பையும் தடவிக்கொடுத்தேன். அப்புறம்தான் வாங்கினேன். உண்மையில் தப்பு என் மேல்தான். வந்தவுடனே பறித்தால் எந்தக் குட்டி வரும்? ஒரு நாளைக்கு 4 வீச்சு, அதற்கு மேல் இல்லை. மூன்றாம் வாரம் நீளக் கயிற்றோடு திறந்தவெளிக்குப் போனோம்.

தின்பண்டம் காட்டி மாற்றிக்கொள்ளும் வழி எனக்குச் சரிப்படவில்லை. அதைப் பார்த்ததும் பாதி வழியிலேயே டம்மியைத் துப்பிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: பறவை இறக்கை கட்டிய டம்மியைக் கொடுத்ததும் அதைக் கடித்து மென்றுகொண்டே இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டுப் பழைய துணி டம்மிக்கே திரும்பினேன், சரியாகிவிட்டது.