வீட்டில் ஆங்கிலப் பயிற்சி: முதல் நாளே வாய் திறப்பதா, காது பழகும்வரை பொறுப்பதா?

கரிசல்மண்:
தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லை. கையில் ஒரு போன், தினமும் 45 நிமிடம். இந்த நிலையில் எதிலிருந்து தொடங்குவது சரி?

மேகமலை:
முதல் மூன்று மாதம் பேச்சைத் தள்ளிவையுங்கள். கேட்பதும் வாசிப்பதும் போதும். மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களில் வலியுறுத்தியது இதைத்தான்: நம் அறிவுக்கு ஒரு படி மட்டும் மேலே இருக்கும் மொழியைப் புரிந்துகொண்டே போனால் மொழி ஏறும். 100 சொல்லில் தெரியாதது இரண்டு என்றால் அந்தப் புத்தகம் உங்களுக்கானது. பத்து என்றால் வாசிப்பு நின்று அகராதி புரட்டல்தான் நடக்கும். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் தொடங்குபவர்கள் ஒரே வாரத்தில் விட்டுவிடுவது இதனால்தான்.

கேட்பதற்கு எளிய சொற்களில், நிதானமாக வாசிக்கப்படுவதை எடுங்கள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-ல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலீஷ் ஒலிபரப்பு சுமார் 1,500 சொற்களுக்குள் எழுதப்பட்டது. அந்த மாதிரி வேண்டும். காதில் எதுவும் சேராமல் பேசத் தொடங்கினால் தமிழ் வாக்கியத்துக்கு ஆங்கிலச் சட்டை மாட்டுவோம். 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்பதற்குப் பதில் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' அப்படி வந்ததுதான்.

தாழை:
இதை நான் ஏற்கவில்லை. கேட்டால் தானாகப் பேச்சு வரும் என்பதைக் கனடாவில் பெரிய அளவிலேயே பார்த்தாகிவிட்டது. 1965-ல் கியூபெக்கின் செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தத் தொடங்கினார்கள். அந்த முறை பரவி, பிள்ளைகள் வருடக்கணக்கில் பிரெஞ்சு கேட்டார்கள். புரிதல் அருமை, பேச்சிலோ இலக்கணப் பிழை நீங்கவில்லை. அவர்களைப் போதிய அளவு பேசவைக்காததே காரணம் என்று மொழியியலாளர் மெரில் ஸ்வெயின் 1985-ல் எழுதினார். பேச முயலும்போதுதான் எந்தச் சொல் நம்மிடம் இல்லை என்பதே தெரியவரும்.

இன்னொன்று, நாக்கின் பழக்கம். தமிழில் ம்-க்குப் பின் வரும் ப தானாக மெலிந்து ஆங்கில b போல ஒலிக்கும். கம்பம், பம்பரம் சொல்லிப் பாருங்கள். அதே பழக்கத்தில் இம்பார்ட்டன்ட் என்பதிலும் பம்பரத்தின் நடுவில் உள்ள ப வந்துவிடுகிறது. ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்து அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். 'பா' வரும் இடத்தில் காகிதம் படபடக்க வேண்டும். அசையாவிட்டால் ஒலி தப்பு. எக் 'யெக்' ஆவதும், ஒன்லி 'வோன்லி' ஆவதும் இதே கதை. இதைக் காது மட்டும் திருத்தாது.

மேகமலை:
காகிதச் சோதனை நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினைச்சொற்களைப் பாருங்கள். இறந்தகால விகுதி தனி அசையாவது வான்ட், நீட் போல ட் ஒலியில் முடிபவற்றுக்கு மட்டும்தான்: வான்ட்டட், நீடட். வொர்க்ட், வாஷ்ட் எல்லாம் ஒரே அசை. கேட்காமல் எழுத்தைப் பார்த்து உரக்கப் படிப்பவர் 'வொர்க்கெட்', 'வாஷெட்' என்றே நூறு முறை சொல்லி மனப்பாடம் செய்துவிடுகிறார். பிறகு கழற்றுவது கடினம். வீட்டில் திருத்த யார் இருக்கிறார்கள்?

தாழை:
அதற்குத்தான் ஷேடோயிங், அதாவது ஒலிப்பதிவை நிழல்போலப் பின்தொடர்ந்து சொல்வது. கேட்டலும் பேச்சும் ஒன்றாக நடக்கும். 30 விநாடி ஒலித்துண்டு, அதன் எழுத்து வடிவத்துடன். முதலில் ஐந்து முறை கேட்பது மட்டும். எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை, ஃபோட்டோகிராஃபி என்பதில் இரண்டாவது. அடுத்து, பேசுபவருக்கு அரை விநாடி பின்னாலேயே சொல்லிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் பதிவுசெய்து, ஒரே ஒரு குறையை மட்டும் ஒப்பிடுங்கள்: இன்று அழுத்தம், நாளை சொல்லிறுதி. புக் 'புக்கு' ஆகிறதா, பஸ் 'பஸ்ஸு' ஆகிறதா? பெரும்பாலானோர் மூன்று நிமிடத் துண்டை எடுத்து மூச்சுவாங்கித் தோற்கிறார்கள். வேகம் மிஞ்சினால் ஒலி ஓடும் வேகத்தை 0.75 மடங்குக்குக் குறையுங்கள். அதற்கும் கீழே போனால் ஓசைநயம் கெடும்.

மரப்பாச்சி:
போனில் வாய்ஸ் டைப்பிங் வைத்துச் சரிபார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முழு வாக்கியம் சொன்னால் அது முன்பின் பார்த்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும். உச்சரிப்பு சரியென்று ஏமாறுவோம். பேக், பேக் என்று தமிழில் ஒரே மாதிரி எழுதும் பையையும் முதுகையும் தனித்தனிச் சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். பத்துக்கு எட்டு சரியாக விழுந்தால் போதும்.

ஓரளவு பேசவருபவருக்கு 4-3-2 பயிற்சி: ஒரே விஷயத்தை 4 நிமிடம், அதையே 3, பிறகு 2 நிமிடத்தில் பேசுவது. தடுமாற்றம் குறையும்.

மேகமலை:
4-3-2 சரளத்தைக் கூட்டும், பிழையைத் திருத்தாது. முதல் சுற்றில் 'ஹீ செட் தட்' என்பதற்குப் பதில் 'ஹீ டோல்ட் தட்' என்றால் மூன்றாவது சுற்றிலும் அதுவே, இன்னும் வேகமாக. முதல் சுற்றைப் பதிவுசெய்து, எழுதிப் பார்த்துத் திருத்திவிட்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள்.

கரிசல்மண், தாழை சொன்ன ஷேடோயிங்குக்கு 15 நிமிடம் தருகிறேன், முதல் வாரத்திலிருந்தே. மிச்சம் 30-ம் கேட்பதற்கும் வாசிப்பதற்கும்தான்.

தாழை:
20 கொடுங்கள். அந்தக் கூடுதல் ஐந்தில், வாசித்த பக்கத்தை மூடிவைத்துச் சொந்த வாக்கியத்தில் சொல்லட்டும். ஷேடோயிங்கில் வருவது அடுத்தவர் வாக்கியம்தானே.