பால்கனியில் விழுந்த ஆறுமணிக்குருவி

பெங்களூரு பெல்லந்தூரில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். போன அக்டோபரில் ஒரு நாள் விடிகாலை, காய்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அடியில் ஒரு பறவை, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தது. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. பச்சை முதுகு, சிறகில் பளபளக்கும் நீலம், வெள்ளைத் தொண்டை, சந்தன நிற வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு. கண் வழியே மை தீட்டியதுபோல் தடித்த கறுப்புக் கோடு. வால் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும்.

கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்புப் பறவை என்றார் எதிர்வீட்டுக்காரர். இல்லை, இது ஆறுமணிக்குருவி. இந்திக்காரர்கள் நவரங் என்பார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. இலங்கை வரைக்கும் போகிறது. ஐம்பது, அறுபது கிராம் உடம்பு! பறப்பது இரவில் என்பதால் நம் கட்டட விளக்குகளில் தடுமாறிக் கண்ணாடியில் மோதிவிடுகிறது.

அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிரே போய்விடும். அட்டைப்பெட்டியில் ஓட்டைகள் போட்டு, துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு, இருட்டறையில் வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து நகம் கீறும் சத்தம் கேட்டது. மரங்கள் அடர்ந்த ஓரிடத்தில் பெட்டியைத் திறந்தேன். உடனே பறக்கவில்லை, நீண்ட கால்களால் தத்தித் தத்திப் போய்ச் சருகைப் புரட்டி ஒரு புழுவை எடுத்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

*

அக்கா, எனக்கு இதன் குரல்தான் முதலில் பழக்கம். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில், மார்கழியில் விடியும்போதும் விளக்கு வைக்கும்போதும் தோப்புக்குள்ளிருந்து இரண்டே சுரத்தில் ஒரு சீழ்க்கை வரும். அதைக் கேட்டுத்தான் ஆச்சி அடுப்பு மூட்டுவார். பறவையைக் கண்ணால் பார்த்தது லால்பாக்கில், மூங்கில் நிழலில். பத்து நிமிடம் இலைகளைத் தள்ளித் தள்ளி மேய்ந்தது. துடைப்பத்தோடு ஒருவர் வந்ததும் மறைந்துவிட்டது.

*

அந்தத் துடைப்பம்தான் எனக்கும் கவலை, தம்பி. இதன் சாப்பாடு முழுவதும் சருகுக்கு அடியில் இருக்கிறது. புழு, பூச்சி எல்லாம் அங்கேதான். எங்கள் குடியிருப்பில் அன்றன்றே கூட்டி மூட்டை கட்டிவிடுகிறார்கள். பின்மதில் ஓரத்தையாவது விட்டுவையுங்கள் என்றேன். பாம்பு வரும் என்றார்கள். மூன்று கூட்டம் பேசி, அக்டோபர் மாதம் மட்டும் விட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மொட்டைமாடி விளக்கை இரவு பத்துக்கு அணைக்கவும் சம்மதம். ஏப்ரலில் இதே வழியாக வடக்கே திரும்பும், அதற்கும் கேட்க வேண்டும். உங்கள் குடியிருப்பில் யாராவது இப்படிப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தால், என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.