நேரில் பார்த்து வரைந்தால் கோப்பை ஏன் மிதக்கிறது?

கரிக்கோடு:
முதலாம் ஆண்டு டிராயிங் ஸ்டுடியோ வகுப்பு. மேசையில் கோப்பை, பாட்டில், பெட்டி வைத்து வரையச் சொல்கிறார்கள். போட்டோ பார்த்து முகம்கூட நன்றாக வரைவேன், நேரில் பார்த்தால் மட்டும் பாட்டில் நீண்டுபோகிறது, கோப்பை மேசையில் உட்காராமல் மிதக்கிறது. அழிப்பானைத் தொடக்கூடாது என்கிறார் ஆசிரியர். போதாக்குறைக்குத் தாளைப் பார்க்காமலே சொந்தக் கையை வரைய வேண்டுமாம். வருவதெல்லாம் கிறுக்கல்தான். இதனால் என்ன பயன், யாராவது சொல்லுங்களேன்.

சாய்கோணம்:
தாளை மேசையில் படுக்கவைத்தா வரைகிறீர்கள்? அப்படியென்றால் பாட்டில் நீள்வதற்கு அதுவே பெரிய காரணம். தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தள்ளிப் போவதால் அங்கே உயரம் குறுகித் தெரியும், கை தானாக இழுத்து வரைந்துவிடும், நிமிர்த்தி வைத்ததும் குட்டு வெளிப்படும். பலகையைப் பார்வைக்கு நேராக நிமிர்த்துங்கள். அப்புறம் பென்சிலைப் பிடித்துக் கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பாட்டிலின் அகலத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொண்டு, அது உயரத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவு போச்சு.

கோப்பை விஷயம் வேறு. வாயும் அடியும் நீள்வட்டங்கள். அடி கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், வாயைவிட அதன் வளைவு அதிகம். மேசை தட்டைதானே என்று மனசு நேர்கோடு போடச் சொல்லும், கேட்காதீர்கள். மறைந்திருக்கும் பின்பக்கத்தையும் சேர்த்து முழு நீள்வட்டமாகச் சுற்றிவிட்டால் ஓரங்களில் கூர்முனையும் வராது.

மைக்கறை:
அளவெல்லாம் சரி, ஆனால் எடுத்ததுமே அளக்க உட்கார்ந்தால் கோடு செத்துப்போகும் என்பது என் கட்சி. முதலில் மெல்லிய கரித்துண்டால், தோளிலிருந்து கையை வீசி, 30 நொடியில் மொத்த அமைப்பையும் பிடியுங்கள், பிறகு அளந்து திருத்துங்கள். அந்தக் கரி துணியால் தட்டினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அழிப்பான் வேண்டாம் என்பதிலும் அர்த்தம் இருக்கிறது: பிசகிய கோடு தாளில் இருந்தால்தான் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்துவது என்று தெரியும்.

போட்டோவில் கேமரா ஏற்கெனவே எல்லாவற்றையும் தட்டையாக்கித் தந்துவிடுகிறது, நேரில் அந்த வேலை உங்கள் தலையில். தாளைப் பார்க்காமல் வரைவது படம் நன்றாக வருவதற்கு இல்லை. கண் விளிம்பில் நகரும் அதே வேகத்தில் கையும் நகரப் பழகுவதற்கு. அவசரப்பட்டால் வீண்.

கரிக்கோடு:
ஆமாம், படுக்கவைத்துத்தான் வரைகிறேன்! ரொம்ப நன்றி. அடுத்த வாரம் நாற்காலியாம், கால்களை நினைத்தாலே குழப்பமாக இருக்கிறது.

சாய்கோணம்:
கால்களை விட்டுவிடுங்கள், அவற்றுக்கு நடுவில் உள்ள வெற்றிடங்களை வரையுங்கள். அதற்குப் பெயர் இல்லாததால் மனசு குறுக்கே வராது. குறுக்குச் சட்டம் உள்ள நாற்காலி கிடைத்தால் இன்னும் நல்லது, வெற்றிடங்கள் சின்னச் சின்னதாகப் பிரியும். கடைசியில் நான்கு கால்களும் தரையைத் தொடும் புள்ளிகளை லேசாக இணைத்துப் பாருங்கள், தரையில் கிடக்கும் செவ்வகமாகத் தெரியாவிட்டால் ஏதோ ஒரு கால் இடம் மாறியிருக்கிறது.