புதுப்பிப்பு: பழைய வீட்டுச் சுவரில் ஓதம் நின்றது

புதிதாக வாங்கிய பழைய செங்கல் வீட்டில் சுவரின் அடிப்பகுதி ஓதமடித்து, பெயிண்ட் உரிந்து உப்புப் பூக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "முதலில் வெளியே மண் மட்டத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான். பூச்செடிப் பாத்தி வீட்டுத் தரையைவிட உயரமாக இருந்தது. தரைக்கு 15 செ.மீ. கீழே வரை மண்ணை வெட்டி இறக்கி, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுத்தோம். அப்புறம் உப்பேறிய சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினோம். அது ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விடும்.

எதிர்பாராதது ஒன்று: குளியலறைப் பக்க மூலை மட்டும் காயவே இல்லை. எல்லாக் குழாய்களையும் மூடியும் தண்ணீர் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது! சுவருக்குள் இருந்த இணைப்பு கசிந்திருக்கிறது. மாற்றியதும் அதுவும் காய்ந்தது.