வயலெட் ஜெசப் ஏன் மீண்டும் மீண்டும் கப்பலேறினார்?

கேள்வி

டைட்டானிக்கிலிருந்து உயிர்தப்பிய பணிப்பெண் வயலெட் ஜெசப்பைப் பற்றி எங்கு வாசித்தாலும் 'மூழ்காத பெண்' என்ற பட்டமே முன்னால் நிற்கிறது. 1911இல் ஒலிம்பிக் கப்பல் ஹாக் என்ற போர்க்கப்பலோடு மோதியபோதும், 1912இல் டைட்டானிக்கும் 1916இல் பிரிட்டானிக்கும் மூழ்கியபோதும் அவர் அந்தந்தக் கப்பலில் இருந்தார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இத்தனைக்குப் பிறகும் அவர் கடலுக்குத் திரும்பியதை வெறும் துணிச்சல் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. அவருடைய முன்வாழ்வையும் பின்வாழ்வையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

உங்கள் ஐயம் சரியானது. அவர் 1887இல் அர்ஜென்டினாவில், அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர். சிறுவயதில் காசநோய் கண்டு, பிழைக்கமாட்டார் என்று மருத்துவர்கள் கைவிட்ட பிறகும் பிழைத்தார். தந்தை இறந்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது; தாய் கப்பல் பணிப்பெண்ணாகி வீட்டைக் காத்தார். அந்தத் தாயின் உடல்நலம் கெட்டபோது, தம்பி தங்கையரைத் தாங்கும் பொறுப்பு வயலெட்டின் மீது விழ, அவர் படிப்பை விட்டுவிட்டு அதே வேலையைத் தேடிப் போனார். இருபது வயதைச் சற்றே கடந்த, அழகான பெண் கப்பலில் இருந்தால் தொல்லை வரும் என்று நிறுவனங்கள் தயங்கியதால், பழைய உடையணிந்து, ஒப்பனையில்லாமல் நேர்முகத்துக்குச் சென்று 1908இல் அவர் வேலை பெற்றார். கடல்மீது கொண்ட காதலால் வந்தவர் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் மறுமொழி

டைட்டானிக் இரவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படகில் ஏறத் தயங்கிய பெண்களுக்கு முன்மாதிரியாக இருக்கும்படி அவர் மேல்தளத்துக்கு அனுப்பப்பட்டார். 16ஆம் எண் படகில் ஏறியதும் ஒரு கைக்குழந்தை அவரிடம் கொடுக்கப்பட்டது. படகுகளில் இருந்தவர்களை மீட்ட கார்பேத்தியா கப்பலில் ஒரு பெண் ஓடிவந்து, ஒரு சொல்லும் பேசாமல், அந்தக் குழந்தையைப் பறித்துக்கொண்டு போனாள். எல்லோரும் எடுத்துச் சொல்லும் காட்சி இது. எனக்கோ அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: அக்காலத்துக் கடல்பணி ஒப்பந்த முறைப்படி, கப்பல் மூழ்கிய நேரத்தோடு ஊழியர்களின் ஊதியமும் நின்றுபோனது. உயிர்பிழைத்த பணியாளர்கள் கரை சேர்ந்தபோது வேலையற்றவர்களாகவே சேர்ந்தார்கள். வீட்டில் குடும்பம் காத்திருக்கும்போது, அச்சத்தை ஆற்றிக்கொள்ள அவகாசம் யாருக்கு வாய்க்கும்?

மூன்றாம் மறுமொழி

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் வறுமையால் மட்டும் விளக்கிவிட முடியாது. முதல் உலகப்போரில் அவர் மருத்துவமனைக் கப்பலாக மாற்றப்பட்டிருந்த பிரிட்டானிக்கில் செஞ்சிலுவைப் பணியில் சேர்ந்தார். 1916 நவம்பர் 21 அன்று ஏஜியன் கடலில், கிரேக்கத்தின் கேயா தீவருகே, அது கண்ணிவெடியில் சிக்கி ஒரு மணி நேரத்துக்குள் மூழ்கியது. கரையில் ஏற்றிவிடலாம் என்று கப்பலைத் தலைவர் தொடர்ந்து செலுத்தியதால் சுழன்றுகொண்டிருந்த உந்துவிசிறிகள், அவசரப்பட்டு இறக்கப்பட்ட படகுகளை இழுத்து நொறுக்கின. அந்தப் படகுகளில் ஒன்றிலிருந்து குதித்த வயலெட்டின் தலை கப்பலின் அடிப்பகுதியில் மோதியது. நெடுநாள் தலைவலிக்காகப் பல ஆண்டுகள் கழித்து மருத்துவரிடம் சென்றபோதுதான், அன்று மண்டையோட்டில் விரிசல் ஏற்பட்டிருந்தது தெரியவந்தது. டைட்டானிக்கிற்குப் பின் பல்துலக்கி இல்லாமல் பட்ட பாட்டை மறவாமல், இம்முறை அதைக் கையோடு எடுத்துக்கொண்டார் என்பது சிறிய செய்திதான். ஆனால் பேரழிவின் நடுவிலும் அடுத்த நாளை நினைத்த மனம் அதில் எனக்குத் தெரிகிறது.

1920இல் அவர் திரும்பிய கப்பல் எது தெரியுமா? போர்க்கப்பலோடு மோதியும் மூழ்காமல் மிஞ்சியிருந்த அதே ஒலிம்பிக். அதுதான் அவர் நன்கறிந்த தொழில், அவர் திறம்படச் செய்த தொழில். 1950இல் ஓய்வுபெற்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு சிற்றூரில் குடியேறி, 1971இல், 83 வயதில் காலமானார். அவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள் 1997இல்தான் அச்சேறின. பட்டத்தைத் தாண்டி அவரை அறிய விரும்பினால் அதிலிருந்தே தொடங்குங்கள். பயணிகளின் அறைகளில் விடியல் முதல் இரவு வரை நீளும் வேலையைப் பற்றி அவர் எழுதியிருப்பதைத் தவறவிட வேண்டாம்.